செவலைக்கு வைத்த விருந்து

அங்கம்மாள் சாமியிடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. கேட்டால் மட்டும் கொடுத்துவிடப் போகிறதா என்கிற அலுப்பு ஒரு பக்கம். நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் நிற்கும்போது நாம் ஏன் முண்டியடிக்க வேண்டும் என்கிற கூச்சம் இன்னொரு பக்கம். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். அங்கே மழைக்காகக் கெஞ்சிக் கெஞ்சியே சாமிக்குக் காது மரத்துப் போயிருந்தது. அதனால் அவள் கல்யாணத்துக்கும் கேட்கவில்லை, பிள்ளைக்கும் கேட்கவில்லை. கொச்சிக்கு வந்து, புருஷன் மூட்டையோடு பலகையிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த அன்றுகூட, "உசுரோட இருந்தாச் சரி" என்று வாய்க்குள் முனகிவிட்டு விட்டுவிட்டாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனிக் கடைசியில்தான் முதல்முறையாக வாய்விட்டு ஒன்று கேட்டாள். கேட்டது கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் புருஷன் பிச்சைமணி கம்பு விதைத்துப் பார்த்தான், பருத்தி போட்டுப் பார்த்தான். மூன்று வருஷம் வானம் ஏமாற்றியதும், "மழை பெய்யுற ஊருக்குப் போயிருவோம்" என்று அவளையும் மகள் பாக்கியலக்ஷ்மியையும் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தான். அது எழுபத்தொன்றில். மழை பெய்யத்தான் செய்தது. ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிட்டங்கிகளில் மூட்டை தூக்கினான். அங்கம்மாள் அதே கிட்டங்கிகளில் சுக்கு பொறுக்கினாள். ஒரு கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டிக் குடியிருக்க ஓர் ஓட்டு அறையும், அதற்குப் பின்னால் முருங்கை நின்ற ஒரு துண்டு மண்ணும் கிடைத்தன. கடவுளுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. எழுபத்தொன்பதில் பிச்சைமணி விழுந்தான். அதற்குப் பிறகு அவனுக்குக் கயிற்றுக் கட்டில்தான் உலகம்.

கட்டிலோடு சேர்ந்து அவன் சாமியையும் விட்டான். சுவரில் மாட்டியிருந்த இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு அங்கம்மாள் விளக்குப் போட்டால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். "எண்ணெய்க்குப் பிடிச்ச கேடு" என்பான். அவள் திரியைத் தூண்டிவிடுவாள். குடும்பத்தில் ஒரு ஆளாவது சாமியோடு பேச்சுவார்த்தை வைத்திருக்க வேண்டும் அல்லவா?

அவள் தம்பி வீரபாண்டி நல்லவன். அக்கா குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு கிடாரியைப் பிடித்து, தக்காளி ஏற்றிவந்த லாரியில் நிற்க வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். சிவப்பு நிறம், சீமைக் கலப்பு. செவலை என்று பெயர் வைத்தார்கள். முருங்கை மரத்தடியில் தென்னோலை வேய்ந்து தொழுவம் போட்டார்கள். பட்டணத்துக்கு நடுவில், மிளகு நெடிக்கும் உப்புக்காற்றுக்கும் இடையில், அங்கம்மாளுக்கு மறுபடி ஒரு விவசாயப் பிழைப்பு கிடைத்தது. விடியுமுன் சாணி அள்ளுவாள். பால் கறந்து நாலு தெரு சுற்றுவாள். வெயிலுக்கு முன்னால் கோணிப்பையும் அரிவாளுமாகக் காயலோரம் போய்ப் புல் அறுப்பாள். கிட்டங்கிச் சுவரில் வறட்டி தட்டுவாள், காவல்காரன் கத்துவான், அவனுக்கு அரைக் குவளை மோர் கொடுத்து வாயை அடைப்பாள். கொங்கணி வீடு, ஐயர் வீடு, சாயாக்கடை என்று எல்லா வீட்டு அடுப்பிலும் செவலையின் பால் பொங்கியது. தெருவில் அவளுக்கு 'பால்கார சேச்சி' என்றே பெயர்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. கேரளத்திலா என்று யாரும் நம்பவில்லை. கிணறுகள் வறண்டு, தெருக்குழாயில் குடங்கள் வரிசை போட்ட பிறகுதான் நம்பினார்கள். பிச்சைமணி கட்டிலில் படுத்தபடி, "நாம வந்த இடத்துக்கு அது பின்னாலயே வந்துருச்சு பாத்தியா" என்றான். காயலோரப் புல் கருகியது. பாலக்காட்டிலிருந்து வரும் வைக்கோல் லாரி முதலில் குறைந்தது, பிறகு நின்றது. அங்கம்மாள் வாழை மட்டையை நறுக்கிப் போட்டாள். வாய்க்காலில் மிதந்த நீர்ப்பாசியை அள்ளிவந்து போட்டாள். செவலை முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டியது. கடைசியில் கிட்டங்கியில் பழைய கோணிக்குள் கிடந்த உமியைக்கூடத் தவிட்டில் கலந்து கொடுத்தாள்.

செவலை அப்போது நிறை சினை. பால் வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வைகாசியில் ஈன்றுவிடும். ஈன்றால் பால் வரும். பால் வந்தால் பாக்கியலக்ஷ்மி மேலே படிக்கலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு அவள் வீட்டில் இருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், மலையாளத்தில் எழுதுவாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பால் வராவிட்டால் அவளுக்குச் இறால் உரிக்கிற ஷெட்டுதான் கதி. பனிக்கட்டித் தண்ணீரில் கை நனைத்து நனைத்து, விரல் நுனி புண்ணாகி, தோல் உரிந்து போன பக்கத்துத் தெருப் பெண்களை அங்கம்மாள் பார்த்திருக்கிறாள். அந்தக் கைகளோடு மகளை நினைக்கவே அவளுக்கு ஆகவில்லை. எல்லாம் செவலையின் வயிற்றில் இருந்தது. அந்த வயிறோ விலா எலும்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

சித்திரை பிறப்பதற்கு முந்தின சாயங்காலம், படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்டாள். "தாயே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் மாட்டுக்கு ஒரு நாளாவது வயிறு முட்ட தீனி குடு. வருசப் பெறப்பும் அதுவுமா அது பட்டினி கெடக்கக் கூடாது."

பிச்சைமணி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் அவர்களுக்கு வருஷப் பிறப்பு, ஊருக்கு விஷு. காலையில் பித்தளைத் தாம்பாளத்தில் கொன்றைப் பூவும் கண்ணாடியும் ஒரு பிடி அரிசியும் கணிவெள்ளரியும் வைத்து, புருஷனுக்கும் மகளுக்கும் காட்டிவிட்டு, அதைத் தொழுவத்துக்கும் எடுத்துப் போனாள். இந்த ஊரில் மாட்டுக்கும் கணி காட்டுவார்கள். செவலை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை, கணிவெள்ளரியைத்தான் பார்த்தது. அங்கம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெள்ளரியை உடைத்துக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயலக்ஷ்மி மாமி வந்தாள். அடுத்த தெரு ஐயர் வீடு, பாலக்காட்டுக்காரர்கள், ஆதிநாளிலிருந்து பால் வாங்குகிறவர்கள். தூக்குப் பாத்திரம் நிறையச் சோறும், மேலே பருப்பும் நெய்யும்.

"அங்கம்மா, பசுவுக்குக் குடுக்காம இன்னிக்கு நாங்க இலையில உக்கார மாட்டோம், கேட்டியோ. சினைப் பசு வேற. அதோட எலும்பைப் பார்த்தா எனக்கு வயத்தைப் பிசையறது. இதைக் குடுத்துடு. சக்கைப் பாயசம் பின்னால வரும்."

பலாப்பழப் பாயசம் பின்னாலேயே வந்தது. மாமி மட்டுமா? கொங்கணி வீட்டிலிருந்து ஒரு வாளிச் சோறு, சாயாக்கடைக்காரர் வீட்டிலிருந்து பலாச் சுளைகள், எதிர்த்த வீட்டிலிருந்து அடைப்பிரதமன், யாரோ பெயர் தெரியாத ஒரு கிழவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். விஷு நாளில் சினைப் பசுவுக்கு ஒரு வாய் கொடுத்தால் வருஷம் முழுக்க வீட்டில் அன்னம் குறையாது என்று எந்த வீட்டில் யார் முதலில் சொன்னார்களோ, தெரு முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். செவலையின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அங்கம்மாள் கழனித் தொட்டியை நிரப்பினாள். காலியானது. மறுபடி நிரப்பினாள். மறுபடி காலியானது.

அவளுக்கு மாடு வளர்க்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்தால் மாடு செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பருத்திக்கொட்டை எவ்வளவு, பிண்ணாக்கு எவ்வளவு என்று தெரியும். ஆனால் அவள் ஊரில் எந்த மாடும் சோறு தின்று கெட்டதில்லை. மாட்டுக்கு அள்ளிப் போடும் அளவுக்கு அரிசிச் சோறு அந்த ஊரில் யார் வீட்டில் இருந்தது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மனுஷர் கண்ணில் பட்டாலே பெரிது. சோறு அதிகமானால் அதுவும் விஷம் என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆயுசில் ஒரு வாய்ப்பும் வந்ததில்லை.

பாக்கியலக்ஷ்மிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "போதும்மா. காஞ்ச வயித்துல இவ்வளவா? பாரு, மூச்சு வாங்குது."

"கண்ணு வைக்காதடி! ஆத்தா குடுக்கறா. வாயை மூடிக்கிட்டு அந்தப் பாயசத்தை எடு."

உள்ளே கட்டிலில் இருந்த பிச்சைமணிக்குச் செவலை தின்னும் சத்தம் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். "ஏ அங்கம்மா, நம்ம கல்யாணத்துலகூட இப்படிப் பந்தி நடக்கலையே!"

"சிரிக்கீகளா? நேத்து நான் கேட்டப்ப மொகத்தைத் திருப்புனீகளே. இப்ப என்ன சொல்லுதீக?"

அன்று சாயங்காலம் அவள் விளக்குப் போட்டபோது முகத்தைத் திருப்பாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டுக்கும் தீனி கிடைத்து, மனுஷனுக்கும் சாமி திரும்பக் கிடைத்துவிட்டது என்று அங்கம்மாள் பூரித்துப் போனாள். அவள் வாழ்க்கையில் அதைப் போல ஒரு வருஷப் பிறப்பு வந்ததில்லை.

விடிந்து தொழுவத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். செவலையின் இடது பக்க வயிறு பானைபோல் உப்பியிருந்தது. கால்களை அகட்டி நின்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. பின்னால் தண்ணீராகக் கழிந்திருந்தது. அதில் புளித்த மாவு நாற்றம். காதைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது.

பெருங்காயமும் இஞ்சியும் தட்டிக் கரைத்து ஊற்றினாள். விளக்கெண்ணெய் ஊற்றினாள். வயிற்றை அமுக்கித் தேய்த்தாள். பாக்கியலக்ஷ்மி மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் விஷுவுக்குச் சொந்த ஊர் போயிருந்தார். அங்கே முன்பு கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பு சேட்டனை வீட்டில் போய் எழுப்பி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள்.

அப்பு சேட்டன் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்தார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு காலியாகக் கிடந்த கழனித் தொட்டியைப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி முகர்ந்தார்.

"எத்ர சோறு தின்னு?"

அங்கம்மாள் கையால் காட்டினாள். அந்தக் கை காட்டியதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்டெ சேச்சி, வைக்கோல் திங்கற வயிறாக்கும் இது. உள்ள போன சோறும் பாயசமும் புளிச்சு, கள்ளு மாதிரிப் பொங்கி, அதோட ரத்தத்தையே கெடுத்திருக்கு. அஞ்சாறு மாசம் பட்டினி கெடந்த பசு. ஒரு பிடியோட நிறுத்தியிருந்தா ஒண்ணுமில்ல."

சோடா உப்பைக் கரைத்து மூங்கில் குழாயால் ஊற்றினார். பாதி வாயோரம் வழிந்தது. வெயில் ஏறியது. செவலை முன்னங்காலை மடக்கிப் படுத்தது. தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டது. அப்படிச் சாய்த்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது என்பதை அங்கம்மாள் ஊரிலேயே பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிச்சைமணி கட்டிலிலிருந்து இறங்கி, கையை ஊன்றி ஊன்றி, வாசற்படியைத் தாண்டித் தரையில் தேய்ந்துகொண்டே வந்திருந்தான். முழங்கையெல்லாம் ரத்தம். தொழுவத்து மண்ணில் உட்கார்ந்து, நாலு வருஷமாகக் கும்பிடாத கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"தாயே, மாரியாத்தா, இந்த ஒரு உசுர மட்டும்…"

அங்கம்மாள் பாய்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கேக்காதீக! ஒண்ணும் கேக்காதீக! கேட்டா குடுத்துருவா!"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து குழந்தைபோல் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று மட்டும் இருந்தது. ஊரெல்லாம் மழையில்லை, தண்ணீரில்லை என்று கதறும்போது காது கேளாத சாமிக்கு, அவள் கேட்ட ஒன்று மட்டும் அப்படி எப்படிக் கேட்டது? வயிறு முட்ட என்று கேட்டாளே, அந்தச் சொல்லையாவது வாயிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதா?

மத்தியானம் தாண்டிச் செவலை அடங்கியது. அங்கம்மாளின் உள்ளங்கை அதன் வயிற்றின் மேலேயே இருந்தது. தாய்க்கு மூச்சு நின்ற பிறகும் உள்ளே கன்று உதைத்தது. "அறுத்து எடுத்துருங்க சேட்டா, உங்களைக் கும்பிடுதேன்" என்று அலறினாள். அப்பு சேட்டன் தலையை ஆட்டினார். "எடுத்தாலும் நிக்காது. மாசம் தெகையல." கொஞ்ச நேரம் உதைத்தது. பிறகு விட்டு விட்டு உதைத்தது. பிறகு இல்லை. அதற்கப்புறமும் அவள் கையை எடுக்கவில்லை. பாக்கியலக்ஷ்மிதான் வந்து எடுத்துவிட்டாள்.

வெயிலுக்குப் பயந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். அப்பு சேட்டன் சொல்லியனுப்பி வந்த கார்ப்பரேஷன் வண்டி பின்சந்து வழியாக வந்து செவலையை ஏற்றிக்கொண்டு போனது. யாரும் பார்க்கவில்லை. பால் வற்றிய மாடு என்பதால் அதைத் தேடிப் பாத்திரத்தோடு வரவும் யாருமில்லை. அங்கம்மாள் கழனித் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. 'உங்க புண்ணியத்துக்கு என் வீடா கெடச்சுது?' என்று கேட்க வேண்டும் போலிருந்தது. தொட்டியில் அள்ளி அள்ளிப் போட்டது தன் கைதான் என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அடுப்பு எரியவில்லை. வீட்டில் இருந்த அரிசி கணித் தாம்பாளத்தில் வைத்த ஒரு பிடிதான். அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் காலை ஜெயலக்ஷ்மி மாமி மறுபடியும் வந்து நின்றாள். கையில் பெரிய தூக்கு. நேற்றைக்கு விருந்தாளிகள் வந்து போனதில் மிஞ்சிய சோறு, கூட்டு, ஓரத்தில் மாங்காய்ப் பச்சடி.

"அங்கம்மா, பசு எப்படி இருக்கு? வருஷப் பிறப்பன்னிக்கு அது சாப்பிட்டதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு என்னமோ மனசு நெறைஞ்சு போச்சு. எங்காத்து மாமாகிட்ட சொன்னேன், நாம பண்ணின பூஜையெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு."

அங்கம்மாள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மாமியின் முகம் குளித்து, குங்குமம் வைத்து, பளிச்சென்று இருந்தது. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பசுவைக் கொன்ற பாவம் என்று தலையில் அடித்துக்கொண்டு சோறு தண்ணீரில்லாமல் விழுந்து கிடப்பாள். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவாள். இது ஒன்று. உள்ளே கட்டிலில் ஒருவனும் தரையில் ஒருத்தியும் முந்தின நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு சுருண்டு கிடந்தார்கள். கூட்டின் வாசனை அவர்கள் வரைக்கும் போயிருக்கும். இது இன்னொன்று. வாயை அடைத்தது இரக்கமா பசியா என்று கேட்டால் அங்கம்மாளுக்கே தெரியாது.

"நல்லா இருக்கு, மாமி."

"எங்கே, ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"வேண்டாம் மாமி!" குரல் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டாள். "நெற மாசம். நேத்துலேர்ந்து படுத்தே கெடக்கு. ஆளு பாத்தா மெரளும். கண்ணும் பட்டிரும்."

"அதுவும் சரிதான்" என்று மாமி உடனே ஒப்புக்கொண்டாள். "அப்போ இதைக் குடுத்துடு. சாயங்காலம் வந்து பாத்திரத்தை வாங்கிக்கறேன். பிரசவம் ஆறவரைக்கும் தினமும் ஏதாவது கொண்டு தரேன், கேட்டியா?"

அங்கம்மாள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு மூன்று தட்டு எடுத்து வைத்தாள். சோற்றை மூன்றாகப் பிரித்தாள். மாட்டுக்கு வந்த சோறு என்று எல்லாருக்கும் தெரியும். பிச்சைமணி முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் திணறினான். அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். விழுங்கினான். இரண்டாவது கவளத்தை வேகமாக எடுத்தான்.

பாக்கியலக்ஷ்மி தட்டை வழித்துத் தின்றாள். கை கழுவிக்கொண்டே, "திங்கக்கிழமை ஷெட்டுல ஆள் எடுக்காங்களாம். நான் போறேன்" என்றாள். அங்கம்மாள் மகளின் விரல்களைப் பார்த்தாள். இன்னும் முழுசாக இருந்தன. வைகாசி பிறந்ததும் கன்று எங்கே என்று மாமி கேட்பாள். அதுவரைக்கும் நாள் இருக்கிறது. அதுவரைக்கும் சோறும் இருக்கிறது.

வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் மாமியின் குரல் கேட்டது. அங்கம்மாள் தூக்கை நன்றாகத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பசு சாப்பிட்டுதோ, அங்கம்மா?"

"ஒரு பருக்கை மிச்சமில்ல, மாமி."